தூசிக்குப் பின்னாடி இருக்கிற கருந்துளைய எப்படிப் பாத்தாங்க?

"செய்ஃபர்ட் டைப் 1, டைப் 2ன்னு சொல்றாங்களே, ரெண்டும் வேற வேற கேலக்ஸியா சார்?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தாரு. செய்ஃபர்ட்னா நடுப்பகுதி ரொம்பப் பிரகாசமா இருக்கிற ஒரு வகை கேலக்ஸி. அதுல இந்த ரெண்டும் வேற வேறன்னுதான் ரொம்ப நாள் நெனச்சாங்க.

நடுவுல பெரிய கருந்துளை, சுத்தி கேஸ், இது தெரிஞ்ச கதை. கிட்டத்துல சுத்துற கேஸ் செகண்டுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகம், நம்ம பக்கம் வர்றதோட வெளிச்சம் ஒரு பக்கமும் வெலகிப் போறதோடது மறு பக்கமும் நிறம் நகரும் (இதுதான் டாப்ளர்), அதனால ஸ்பெக்ட்ரம் கோடு, அதாவது வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சா கேஸ் காட்டுற கோடு, அகலமாயிடும். தூரத்துல இருக்கிறது மெதுவா போகும், கோடு குறுகலா இருக்கும். டைப் 1ல ரெண்டும் தெரியும், டைப் 2ல குறுகல் மட்டும்தான். அப்போ வேகமான கேஸ் அங்க இல்லவே இல்லையா, இல்ல எதாவது மறைக்குதா?

இங்கதான் எனக்குப் புடிச்ச எடம். என்ஜிசி 1068னு ஒரு கேலக்ஸி, சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தூரம், அக்மார்க் டைப் 2. 1985ல அன்டனுச்சி, மில்லர்னு ரெண்டு வானியலாளர்கள் அதோட போலரைஸ்டு வெளிச்சத்த (அலை ஒரே திசையில ஆடுற வெளிச்சம்) மட்டும் தனியா பிரிச்சுப் பாத்தாங்க, அகலக் கோடு பளிச்சுன்னு நிக்குது! எப்படின்னா, பக்கத்து வீட்டு மதிலுக்குப் பின்னாடி பல்பு எரியுது, பல்பு நமக்குத் தெரியாது, ஆனா மார்கழி பனி மதிலுக்கு மேல வெளிச்சமா தெரியும்ல, அதே கதைதான். கருந்துளையச் சுத்தி உளுந்து வடை மாதிரி தூசி வளையம், நாம பாக்குறது வடைய சைடுல இருந்து. ஓட்டை வழியா மேல தப்பிச்ச வெளிச்சம் அங்க மெதக்குற எலக்ட்ரான்ல பட்டு நம்ம பக்கம் திரும்புது, அப்படி பக்கவாட்டுல சிதறும்போதே போலரைஸ் ஆயிடுது. நட்சத்திர வெளிச்சம் பெரும்பாலும் அப்படி இல்ல, அதனால வடிகட்டினா போயிடும். எலக்ட்ரான் எல்லா கலரையும் ஒரே மாதிரி சிதறடிக்கும், அதாவது சாயம் பூசாத, முகம் பாக்குற கண்ணாடி மாதிரி!

இத்தனையும் 1959ல வந்த, கலிஃபோர்னியா லிக் வானாய்வகத்தோட 3 மீட்டர் டெலஸ்கோப்புல. பெரிய டெலஸ்கோப்புக்கு ரிப்பன் வெட்ட காசு குடுக்குறவங்க அதுல மாட்டுற கருவிக்கும் ஆளுக்கும் குடுக்க மாட்டேங்கறாங்க, அது என் ஆதங்கம்.

ஆக, பேரு மாறுறது நாம நிக்கிற கோணத்தால. ஆனா எல்லா டைப் 2வும் அப்படின்னு அடிச்சு சொல்லிட முடியாது, சிலதுல போலரைஸ்டு வெளிச்சத்துலயும் அகலக் கோடு கிடைக்கல. என்ஜிசி 1068லயே தூசியும் கேஸும் அவ்ளோ கெட்டி, எக்ஸ்ரே கூட பெரும்பாலும் நேரா வெளிய வராம எங்கயோ பட்டுத் தெறிச்சுதான் வருது. 2022ல அன்டார்டிகா பனிக்குள்ள இருக்கிற ஐஸ்கியூப்ங்கிற கருவி அதே கேலக்ஸில இருந்து சுமார் 79 நியூட்ரினோ (எதையும் ஊடுருவிப் போற குட்டித் துகள்) வந்ததா சொல்லுச்சு. அதுக்கு தூசியாவது மதிலாவது!