அசாசின் என்றால் கூலிக்கொலையாளியா?

ஆபிரகாம் லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்துக்கு யார் கூலி கொடுத்தார்கள்? 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட காவ்ரிலோ பிரின்சிப் எவ்வளவு முன்பணம் வாங்கினான்? கோட்சே? இவர்கள் யாருமே பணத்துக்காகச் சுட்டவர்கள் இல்லை. ஆனாலும் ஆங்கிலத்தில் 'அசாசின்' என்று பார்த்த மாத்திரத்தில் நம் மொழிபெயர்ப்பாளர்களின் கை 'கூலிக்கொலையாளி' என்று எழுதிவிடுகிறது. படங்களுக்கு அடியில் ஓடும் தமிழ் வரிகளில் தொடங்கிய பழக்கம், இப்போது வரலாற்றுக் கட்டுரைகள் வரை வந்துவிட்டது.

முதலில் சொல்லின் பிறப்பு. பாரசீகத்தின் எல்புர்ஸ் மலையில் இருந்த அலமூத் கோட்டையை 1090இல் ஹசன் இ சப்பாஹ் கைப்பற்றினார். அவர் நிஜாரி இஸ்மாயிலி என்னும் ஷியா பிரிவைச் சேர்ந்தவர். சுற்றிலும் எதிரிகளான செல்ஜுக் துருக்கியரின் பேரரசு. படை திரட்டி மோதுமளவுக்கு ஆள்பலம் இல்லாததால், எதிரித் தலைவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று குத்துவாளால் கொல்லும் வழியை எடுத்தார்கள். 1092இல் செல்ஜுக் அமைச்சர் நிஜாமுல் முல்க் இப்படித்தான் இறந்தார். சூஃபி வேடத்தில் நெருங்கியவன் குத்தினான். 1192இல் இன்றைய லெபனானில் உள்ள டயர் நகரத்தில் சிலுவைப்போர்த் தலைவர் கான்ராடைக் கொன்ற இருவர் கிறிஸ்தவத் துறவிகளாக வேடமிட்டிருந்தார்கள்.

இவர்களை எதிரிகள் 'ஹஷீஷிய்யா' என்று ஏசினார்கள். ஹஷீஷ் என்பது கஞ்சாச் சரக்கு. சிலுவைப்போர் வீரர்கள் சிரியாவில் காதில் வாங்கிய இந்த வசைதான் லத்தீன், இத்தாலியன், பிரெஞ்சு வழியாக 'அசாசின்' ஆனது. 1809இல் பிரெஞ்சு அறிஞர் சில்வெஸ்டர் த சாசி இந்தத் தொடர்பை எடுத்துக் காட்டினார்.

சரி, அப்படியானால் அவர்கள் கஞ்சா அடித்துவிட்டுத்தான் கொன்றார்களா? நிஜாரிகளின் நூல்களில் அப்படி எதுவும் கிடையாது. 'கீழ்மக்கள்', 'ஒழுக்கம் கெட்டவர்கள்' என்ற பொருளில் வீசப்பட்ட வசை அது என்றே இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மாதக்கணக்கில் வேடம் போட்டு, எதிரியின் வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்து, நேரம் பார்த்துக் குத்துவது போதையில் இருப்பவன் செய்கிற காரியமா? போதை கொடுத்து, சோலையில் கிடத்தி, இதுதான் சொர்க்கம் என்று நம்பவைத்தார்கள் என்ற கதையைப் பரப்பியது மார்க்கோ போலோ. அவர் பிறந்த இரண்டே ஆண்டுகளில், 1256இல், ஹுலாகுவின் மங்கோலியப் படை அலமூத்தை வீழ்த்திவிட்டது. அவர் அந்தப் பக்கம் வந்தபோது கதை சொல்லத்தான் ஆள் இருந்தது. ஆகா கானைத் தலைவராக ஏற்கும் நிஜாரிகள் இன்றும் பல நாடுகளில் வாழ்கிறார்கள் என்பதையும், 'கஞ்சாக் கொலைகாரர்கள்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

கொல்லப் போனவர்களுக்கு அவர்களிடையே இருந்த பெயர் 'ஃபிதாயி', உயிரைக் கொடுக்கத் துணிந்தவன். நம் செய்தித்தாள்கள் 'ஃபிதாயீன் தாக்குதல்' என்று எழுதுவது அதன் பன்மையைத்தான். கொன்ற பிறகு தப்பிப் பிழைத்தவர்கள் குறைவு. செத்துப்போகத் தயாராகப் போனவனுக்கு எதற்குக் கூலி?

கூலிக் கட்சிக்கு ஒரு நல்ல சான்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் நரகக் காண்டத்தில் இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். 14ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு உரை எழுதிய ஒருவர், காசுக்காகப் பிறரைக் கொல்பவன் என்று விளக்கம் தருகிறார். ஆக, இத்தாலியில் அந்தப் பொருள் பழையதுதான். ஆனால் அங்கேயே அது நிற்கவில்லை. இன்றைய இத்தாலியனில் அந்தச் சொல்லுக்கு வெறும் கொலைகாரன் என்றே பொருள். பிரெஞ்சுச் சட்டத்தில் அதன் உறவுச்சொல் திட்டமிட்ட கொலையைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் முன்னுக்கு நிற்பவை வேறு இரண்டு: சாகிறவர் பெரும்புள்ளி, கொல்கிறவன் எதிர்பாராத நேரத்தில் பாய்கிறான். பணம் வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருக்கலாம். சில நேரங்களில் மட்டும் வருகிற குணத்தைப் பெயரிலேயே ஒட்டவைத்தால் பூத்துக்கும் கூலி கொடுக்க வேண்டியதாகிறது.

இன்னொரு கட்சி 'படுகொலை' என்கிறது. 'காந்தி படுகொலை' என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் 1919இன் ஜாலியன்வாலா பாக்கும் படுகொலை, 1968இன் கீழ்வெண்மணியும் படுகொலை. 'நடுரோட்டில் வாலிபர் வெட்டிப் படுகொலை' என்று மாலைச் செய்தியும் கத்துகிறது. படுபாவி, படுமோசம் என்பதில் உள்ள அதே 'படு'தான் இங்கும். கொலை கொடியது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. கூட்டமாகக் கொன்றார்களா, தனியாளைக் குறிவைத்தார்களா என்று அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கூட்டக் கொலைக்கு அதை விட்டுவிடுவது நல்லது.

உடையார்குடிக் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைத் 'துரோகிகள்' என்கிறது. அந்த இடத்துக்குப் பொருத்தம்தான். எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வெளியாள் எப்படித் துரோகியாவான்?

தமிழுக்கு இந்தக் கொலை புதிதில்லை. மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதனைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் எப்படிக் காட்டுகிறார்? உடம்பெல்லாம் திருநீறு, 'கையினிற் படைகரந்த புத்தகக் கவளி'. ஆகம நூல் என்று சொல்லி அவிழ்த்த கட்டுக்குள் கத்தி. நிஜாமுல் முல்க்கை நெருங்கியவனும் இதே மாதிரி அடியார் வேடம்தானே போட்டான்? சேக்கிழார் பாடிய 12ஆம் நூற்றாண்டில் அலமூத்தும் உயிரோடு இருந்தது என்பது எனக்கு எப்போதுமே வியப்பு.

'படைகரந்த' என்பதில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. கரத்தல், ஒளித்தல். காக்கை கரவா கரைந்துண்ணும் என்று பள்ளியில் படித்த எவருக்கும் தெரிந்த வேர். அதிலிருந்து கரவுக்கொலை, கரவுக்கொலையாளி என்று சொல்லலாம். 'வஞ்சக்கொலை' என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். இன்று 'வஞ்சம் தீர்த்தான்' என்றால் பழிவாங்கினான் என்றுதான் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். அது பழிக்குப் பழிக் கொலையாகிவிடும். 'மறைகொலை' பரவாயில்லை. ஆனால் அச்சில் பார்த்தால் 'மறை' என்பதை வேதத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் வந்துவிடுவார்கள்.

கரவுக்கொலை காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது என்பவர்கள் இருக்கிறார்கள். 'ஸ்னைப்பர்', 'ஹிட்மேன்' எல்லாம் மெத்தென்று இருக்கின்றனவா? அவ்வளவு கூச்சம் என்றால் வெறுமனே 'லிங்கனைக் கொன்றவன்' என்று எழுதுங்கள், ஒரு குறையும் இல்லை. கூலிக்கொலையாளி என்ற சொல்லை உண்மையிலேயே பணம் வாங்கிக்கொண்டு வெட்டுகிறவனுக்கு வைத்துக்கொள்ளலாம். அவனுக்கும் ஒரு சொல் வேண்டுமில்லையா?