வெளிச்சம் பட்டால் வாயடைக்கும் செல்

சித்திரை வெயிலில் கீழ ரத வீதியில் செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லையப்பர் கோயிலுக்குள் ஓடியவர்களுக்குத் தெரியும். கால் குளிர்ந்துவிடும், கண்ணுக்குத்தான் ஒன்றும் பிடிபடாது. எதிரே நிற்பது தூணா ஆளா என்றே குழம்பும். சுவாமியைக் கும்பிட்டுவிட்டு, சங்கிலி மண்டபம் வழியாக அம்மன் சன்னதிக்கு நடக்கையில்தான் சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். கண் இருட்டுக்குப் பழகுகிறது என்கிறோம். உண்மையில் உள்ளே நடப்பது, வெயிலில் செலவான சரக்கை மறுபடி தயாரிக்கும் வேலை.

அந்தச் சரக்கின் பெயர் ரோடாப்சின். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல் ஒவ்வொன்றிலும் சுமார் 10 கோடி ரோடாப்சின் மூலக்கூறுகள் உண்டு. ஆப்சின் என்ற புரதத்தின் மடியில், வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினால் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு ஒளித்துகள் பட்டால் போதும், காலை நீட்டிவிடும். அதற்கு ஆகும் நேரம், ஒரு வினாடியை ஐந்து லட்சம் கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு. ஒளியின் வேலை அத்தோடு முடிந்தது; மிச்சமெல்லாம் வேதியியல். ரெட்டினாலின் கதையைத் துலக்கிய ஜார்ஜ் வால்டுக்கு 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனிமேல்தான் விசித்திரம். முதல்முறை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இந்தச் செல் இருட்டில்தான் ஓயாமல் வேலை செய்கிறது! அதன் சவ்வில் உள்ள மடைகளை சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு திறந்து பிடித்திருக்கும். சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்ந்தபடி இருக்கும். செல் தன் மறுமுனையில், அடுத்த நரம்புச் செல்லுக்குச் சேதி சொல்லும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை விடாமல் கசியவிடும். ரெட்டினால் நிமிர்ந்ததும் ஆப்சின் உருமாறி, டிரான்ஸ்டியூசின் புரதங்கள் பலவற்றைத் தட்டி எழுப்பும். அவை ஒரு நொதியை முடுக்கும். அந்த நொதி ஒவ்வொன்றும் வினாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சைக்ளிக் ஜிஎம்பியை உடைத்துத் தள்ளும். பிடித்த கை போனால் மடை மூடத்தானே செய்யும்? இருட்டில் மைனஸ் 40 மில்லிவோல்ட் அளவில் இருந்த மின்னழுத்தம், நல்ல வெளிச்சத்தில் மைனஸ் 70 வரை இறங்கும். குளுட்டமேட் கசிவு குறையும். தெருவில் மாவு மில் ஓடிக்கொண்டே இருந்தால் யார் கவனிக்கிறார்கள்? சத்தம் நின்றால்தான் எட்டிப் பார்ப்போம். அடுத்த நரம்புச் செல்லும் அப்படித்தான், அந்த மௌனத்தைத்தான் சேதியாக எடுத்துக்கொள்கிறது.

சரி, இதை யார் நிறுத்துவது? அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஆப்சினின் வாயை அடைக்கும். மடை மூடியதால் குறைந்துபோன கால்சியமே, சைக்ளிக் ஜிஎம்பியை மறுபடி செய்யச் சொல்லும் சைகையாகிவிடும். ஆனால் நிமிர்ந்த ரெட்டினால் அங்கேயே மடங்காது. பக்கத்து நிறமி அடுக்குக்குப் போய், அங்குள்ள நொதியால் மடக்கப்பட்டுத் திரும்ப வேண்டும். தாமதம் அதில்தான். பகல் வெளிச்சத்துக்கான கூம்பு செல்கள் பத்து நிமிடத்தில் தயாராகிவிடும். குச்சி செல்களுக்கு அரைமணிக்கு மேல் ஆகும். அம்மன் சன்னதியை அடையும்போது நமக்கு உதவுவது பெரும்பாலும் கூம்புகளே. இப்போது உள்ளே டியூப் லைட் வேறு எரிவதால், குச்சிகள் முழுதாகத் தேறுவதே இல்லை.

வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வருவது இதனால்தான். மடக்க ரெட்டினாலே இருக்காது. முருங்கைக்கீரைத் துவட்டலில் அதற்கான மூலப்பொருள் நிறைய உண்டு, கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால் உடம்பில் நன்றாகச் சேரும். அதைத் தின்றால் கண்ணாடியும் கழன்றுவிடும் என்று எங்கள் ஆச்சி அடித்துச் சொல்வாள். கிட்டப்பார்வை விழிக்கோளத்தின் நீளத்தால் வருவது, அதில் ரெட்டினாலுக்கு வேலையில்லை என்று நானும் சொல்லிப் பார்த்தேன். இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.