இழுத்த ரப்பர் ஏன் திரும்பி வருகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கம் விடியும் முன்பே ரப்பர் மரங்களில் பால் வெட்டு தொடங்கிவிடும். பட்டையைச் சாய்வாக, மெல்லிசாகச் சீவிவிட்டால் பால் சிரட்டைக்குள் சொட்டும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். பார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்து, ரோலரில் அழுத்தி, புகையில் உலர்த்தினால் ஷீட் தயார்.

பேச்சு வழக்கில் ‘எலாஸ்டிக்’ என்றால் இழுத்தால் நீளும் பொருள், டவுசர் இடுப்புப்பட்டி மாதிரி. இயற்பியல் பார்ப்பது வேறு: விட்டதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா, இழுப்பை எவ்வளவு எதிர்க்கிறது? அந்தக் கணக்கில் ரப்பரைவிட எஃகுதான் எலாஸ்டிக். இழுப்பை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் அளவு யங் குணகம். எஃகுக்கு அது சுமார் 200 கிகாபாஸ்கல். ரப்பருக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது.

சரி, ரப்பரைத் திரும்ப இழுப்பது எது? எஃகில் அணுக்களுக்கு இடையிலான பிணைப்புதான் அந்த வேலையைச் செய்கிறது. ரப்பரில் கதையே வேறு. ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலிகள் இடியாப்பம் போலச் சுருண்டு கிடக்கின்றன, வெப்பத்தால் ஓயாமல் நெளிகின்றன. சுருண்டு கிடக்க எண்ணற்ற வழிகள் உண்டு. நீண்டு நிற்கச் சில வழிகளே. அதனால் பிடியை விட்டதும் அந்த நெளிவே சங்கிலிகளை மறுபடி சுருட்டிவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பாடத்திலேயே அழகான பகுதி இதுதான்.

நீங்களே சோதிக்கலாம். அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உடனே உதட்டில் வையுங்கள், இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, தளர்த்தி மறுபடி உதட்டில் வைத்தால் குளிரும். சிறுவயதிலேயே பார்வை இழந்த ஆங்கிலேயர் ஜான் காஃப் இதை உதட்டால் உணர்ந்து 1805-ல் எழுதி வெளியிட்டார். எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் எடை மேலே ஏறும் என்பதும் அவர் கண்டதே. சூடு கூடினால் நெளிவு கூடும், சுருங்கும் விசையும் கூடும்.

ஆனால் வெறும் ஷீட்டை இழுத்துப் பிடித்திருந்தால் சங்கிலிகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு போகும், முழுதாகத் திரும்பாது. 1839-ல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இதற்கு வழி கண்டார். கந்தகம் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுகிறது. சில சதவீதம் சேர்த்தால் ரப்பர் பேண்ட். கால் பங்குக்கு மேல் போனால் பாலங்கள் நெருங்கி, நெளியவே இடமின்றிக் கெட்டியாகிவிடும். பழைய மைப்பேனாக்களைச் செய்த எபோனைட் அதுதான்.