பூட்டிக் கிடக்கும் வீடுகளும் 11 மாதப் பத்திரமும்

வங்கிகளுக்காகச் சொத்துப் பத்திரங்களைப் பார்த்து சட்டக் கருத்து எழுதுவது என் அன்றாட வேலை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று கட்டோடு வருகிறவர்களிடம் "ஏன் இப்பவே வீடு வாங்குறீங்க?" என்று கேட்டால், பலர் சொல்வது: "ஓனர் திடீர்னு காலி பண்ணச் சொல்லிட்டார் சார்." வாடகைக்கு விடப் பயந்து வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களும் இதே அலுவலகத்துக்குத்தான் வருகிறார்கள்.

2012-இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு, நகர்ப்புறத்தில் சுமார் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டது. அதற்கு முந்தைய வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கும் மேல் வருமானம் குறைந்த குடும்பங்களுடையது. அவர்களில் பெரும்பாலோர் தெருவில் இருப்பவர்கள் அல்ல. கல்யாணமான மகனும் மருமகளும் பெரியவர்களோடு ஒரே அறையில் நெருக்கியடித்துக் கிடப்பவர்கள். இவர்கள் கைக்கு எட்டும் வாடகை வீடுதான் இல்லை. இவர்களிடம் போய் "கடன் வாங்கிச் சொந்த வீடு கட்டு" என்பது என்ன தீர்வு?

சம்பளக்காரர்களுக்கும் ஒரு கணக்கு. "வாடகை வீண்காசு, அதையே இஎம்ஐயா கட்டினா வீடு நமக்காச்சே" என்பார்கள். 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். முதல் மாதத் தவணையில் 35,400 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போய்விடும். ஐந்து வருடத்தில் 26 லட்சம் கட்டியிருப்பீர்கள். அசலில் கழிந்தது 6 லட்சம்கூட இருக்காது. பத்திரப்பதிவுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் தனி. இரண்டு மூன்று வருடத்தில் வேலை மாறி ஊர் மாறுகிறவருக்கு, வட்டியாகப் போவதும் வீண்காசுதானே? இருபது வருடம் அதே ஊரில்தான் என்று உறுதியாகத் தெரிந்தவர் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை.

சரி, ஓனர்கள் ஏன் பூட்டி வைக்கிறார்கள்? 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில், காலி செய்ய மறுத்த குடித்தனக்காரர்மேல் வழக்குப் போட்டு வருடக்கணக்காக அலைந்தவர்களின் கதையை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் 2017-ஆம் வருட வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இதற்கென நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. குடியிருப்பவரைத் துரத்தத் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தவும் கூடாது.

நடப்பது என்ன? முத்திரைத்தாளில் "11 மாதம்" என்று புரோக்கர் வைத்திருக்கும் பழைய நகலில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்து. 11 மாதம் என்று போட்டுவிட்டால் எங்கும் பதிய வேண்டாம் என்று இரு தரப்பும் நம்புகிறார்கள். புதுச் சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. நாளைக்குத் தகராறு வந்தால் அந்தத் தாளை நீட்டி ஓனரும் சாதிக்க முடியாது, குடியிருப்பவரும் சாதிக்க முடியாது.

ஒரே இடத்தில் சில வருடம் இருக்க நினைப்பவர் மூன்று வருட ஒப்பந்தம் கேளுங்கள். வருடா வருடம் வாடகை எவ்வளவு கூடும் என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும். செலவை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். அப்புறம், பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள், மீதியை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் வாடகைச் சண்டைகளில் முக்கால்வாசி இந்தப் பெயின்ட் காசில்தான் ஆரம்பிக்கின்றன.