காற்றில்லாத நாளில் ஏறிவரும் கடல்

ஏப்ரல், மே மாதங்களில் கன்னியாகுமரிக் கடற்கரையில் சில நாட்கள் புரியாத மாதிரி இருக்கும். வானத்தில் மேகம் இருக்காது, காற்றும் பெரிதாக இருக்காது. பக்கத்துக் கடலில் புயல் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் அலை மணலைத் தாண்டி ஏறி, தாழ்வான தெருக்களுக்குள் தண்ணீர் வந்து நிற்கும். கேரளத்து மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2012இல் யுனெஸ்கோவும் இந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது.

இதற்கும் காரணம் புயல்தான். ஆனால் அது அடிப்பது நம் கடலில் இல்லை, பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம், 40 டிகிரி தெற்கு அட்சரேகையை ஒட்டிய தென் இந்தியப் பெருங்கடலில். அங்கே காற்றைத் தடுக்க நிலம் என்று ஏதும் கிடையாது. பலத்த காற்று ஒரே திசையில் நீண்ட தூரத்துக்கு, இரண்டு மூன்று நாள் விடாமல் வீசினால், அலைகள் உயர்வதோடு நீளமாகவும் ஆகின்றன. இந்த நீளம்தான் முக்கியம்.

உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைகள் சுமார் 6 முதல் 8 விநாடிக்கு ஒன்றாக வரும். தெற்கிலிருந்து வரும் பேரலைகளுக்கு இடைவெளி 18 விநாடி வரை போகும். ஆழ்கடலில் அப்படிப்பட்ட இரண்டு முகடுகளுக்கு நடுவே ஏறக்குறைய 500 மீட்டர் தூரம் இருக்கும். அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகம். வழியில் சக்தி வீணாவதும் குறைவு. மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்தி வடக்கே நகர்கிறது. 5,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து நான்கைந்து நாளில் நம் தென்முனைக்கு வந்துவிடும். அதற்குள் கிளப்பிவிட்ட புயலே அடங்கியிருக்கலாம்.

நடுக்கடலில் இருக்கும் வள்ளத்துக்கு இது பெரிதாகத் தெரியாது. அரை கிலோமீட்டர் நீளத்தில் ஒன்றிரண்டு மீட்டர் உயர்ந்து இறங்குவதை யார் கவனிப்பார்கள்? ஆழம் சுமார் 250 மீட்டருக்குக் கீழ் குறையும்போதுதான் அலைக்குத் தரை தட்டுப்படத் தொடங்குகிறது. கரையை நெருங்க நெருங்க முன்னால் போகும் அலை வேகம் குறைகிறது, பின்னால் வருவது நெருங்கிவிடுகிறது. பரந்து கிடந்த சக்தி குறுகிய இடத்தில் குவிந்து அலை நிமிர்கிறது. அது உடைந்து கரையில் தள்ளிய தண்ணீர் முழுதாகத் திரும்புவதற்குள் அடுத்தது வந்து மோதும். இப்படியே கரையோர நீர்மட்டம் மொத்தமாக உயர்ந்துவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமி ஏற்றமும் சேர்ந்துகொண்டால் தண்ணீர் ஊருக்குள் போகும். இதைச் சுனாமி என்று நினைத்துப் பயப்படுபவர்கள் உண்டு. நிலநடுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உயிரை வாங்குவது பெரும்பாலும் இந்த வெள்ளம் அல்ல, அலைகள் வரும் விதம். நீண்ட அலைகள் கூட்டங்கூட்டமாக வரும். ஒரு கூட்டம் முடிந்ததும் கடல் சில நிமிடம் அமைதியாக இருக்கும். அந்த நேரத்தில் பாறைமேலோ கரையிலோ நிற்பவருக்கு இறங்கிக் கால் நனைக்கத் தோன்றும். அடுத்த கூட்டத்தின் முதல் பெரிய அலை முழங்காலளவு தண்ணீரில் நிற்பவரைக்கூடப் புரட்டிவிடும். திரும்பும் நீர் உள்ளே இழுக்கும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் கடலில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது.

இதுதான் மனதை உறுத்துகிறது. கோடை இடிமழை திடீரென்று திரளும். ஆனால் கருமேகமும் இடியோசையும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். கள்ளக்கடலுக்குக் கரையில் அப்படி ஓர் அறிகுறியும் இல்லை. பதிலுக்கு நாட்கணக்கில் அவகாசம் இருக்கிறது. ஐதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், 2020 முதல் இந்தப் பேரலைகளைத் தனியாகக் கணித்து மாவட்டவாரியாக அறிவிக்கிறது. செய்தி மீனவ ஊர்களுக்குப் போய்ச் சேர வழிகள் இருக்கின்றன. வேனில் வந்து இறங்கும் வெளியூர்க் குடும்பத்துக்கு யார் சொல்வது? தங்கும் விடுதி வரவேற்பறையிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் அன்றைய கடல் நிலையை எழுதி வைப்பது பெரிய செலவு இல்லை. அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். தென்கோடிக் கடற்கரைக்குக் கோடையில் போவதாக இருந்தால், மழை வருமா என்று பார்ப்பதோடு இன்காய்ஸ் எச்சரிக்கையையும் பாருங்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில் குளியல் வேண்டாம், கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டிய தூண்டில் வளைவுப் பாறைகளில் நின்று படம் எடுப்பதும் வேண்டாம். கரையில் வலை பின்னுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டாலும் போதும், கடல் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். படகு வைத்திருப்பவர்கள் துறைமுகத்தில் ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். சிறு படகை அலை உடையும் இடம் வழியாகக் கரையேற்றப் பார்ப்பது ஆபத்து.

யாராவது இழுபட்டுவிட்டால் கூட வந்தவர் பின்னாலேயே குதிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்புறம் இரண்டு பேரைத் தேட வேண்டியிருக்கும். மூடிய காலி பிளாஸ்டிக் கேன், கயிறு, லாரி டியூப், எது கிடைத்தாலும் எறியுங்கள். அவரைக் கண்பார்வையிலிருந்து விடாமல் மீனவர்களைக் கூப்பிடுங்கள், தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 எண்ணில் சொல்லுங்கள். இழுபட்டவர் கரையை நோக்கி முண்டிக் களைத்துப்போகாமல் மல்லாந்து மிதக்க வேண்டும். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாக நகர்ந்து, அப்புறம் உள்ளே வரலாம்.