விடிகாலையில் மட்டும் திணறும் இன்ஜின்

கோலாலம்பூரில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. காலை ஆறரை மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிற்கும் காரின் இன்ஜின் ஏறக்குறைய 25 பாகை செல்சியஸில் இருக்கும். நமக்கு அது இதமான காலைப் பொழுது. 90 பாகையை ஒட்டி இயங்குவதற்கென்று வடிவமைக்கப்பட்ட இன்ஜினுக்கோ அது கடும் குளிர். என் கார் திணறத் தொடங்கியது இந்த நேரத்தில்தான். சாவியைத் திருப்பியதும் ஸ்டியரிங் கையில் அதிரும். சுழற்சி காட்டும் முள் 1,300க்கும் 700க்கும் இடையே ஏறி இறங்கும். மூன்று நான்கு நிமிடங்களில், ஒன்றுமே நடவாததுபோல் எல்லாம் அடங்கிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள, பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை, ஆவியான பிறகே எரிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சூடான இன்ஜினில் இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோல், வால்வின் முதுகில் பட்ட கணமே ஆவியாகிவிடும். குளிர்ந்த இன்ஜினில் அதில் ஒரு பகுதி சுவரில் ஈரமாகப் படிந்து நின்றுவிடுவதால், எரிவதற்குக் கிடைக்கும் ஆவி குறைகிறது. ஆகவே, எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற வழக்கமான கணக்கை விட்டு, இன்ஜின் கணினி சற்று அதிகமாகத் தெளிக்கிறது. எவ்வளவு அதிகம் என்பதை, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் சொல்லை நம்பி, தனக்குள் எழுதி வைக்கப்பட்ட அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறது.

அந்த முடிவு சரியா என்று சொல்ல வேண்டியது புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார். அதுவோ ஏறக்குறைய 300 பாகை சூடேறினால்தான் வேலை செய்யும். அதுவரை கணினி தன் தவற்றைத் தானே அறிய வழியில்லை. சென்சார் விழித்துக்கொண்ட பின், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்துப் பெட்ரோலின் அளவைக் கணினி இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்கும். காலையில் தெரிந்த கோளாறு பல வேளைகளில் பத்து மணிக்கும் இருக்கத்தான் செய்கிறது; அந்தத் திருத்தமும் இன்ஜினின் சூடும் சேர்ந்து அதை மறைத்துவிடுகின்றன.

இது தெரியாமல் நான் இரண்டு முறை நண்பகலில் ஒரு பட்டறைக்குப் போனேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார்கள். பழுது எதுவும் தெரியவில்லை. ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றினார்கள். மறுநாள் காலை அதே அதிர்வு. பிறகு செந்தூலில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனபோது, அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “காடிய சூடாக்கிக் கொண்டாந்தா நோவு எப்படித் தம்பி தெரியும்? ராத்திரி இங்கேயே விட்டுட்டுப் போங்க, காலையில பசியாறிட்டு வாங்க” என்றார்.

மறுநாள் காலை அவர் இன்ஜினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் இரண்டு எண்களைக் காட்டினார்: கூலன்ட் 26 பாகை, உள்ளே வரும் காற்று 27 பாகை. இரவு முழுதும் நின்ற வண்டியில் இவை இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 70 என்று காட்டியிருந்தால், இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருப்பதாக நம்பிக் கணினி கூடுதல் பெட்ரோலை நிறுத்தியிருக்கும். சூடு ஏற ஏற மின்தடை குறையும் பொருளால் ஆனது இந்தச் சென்சார்; பல வண்டிகளில் 20 பாகையில் சுமார் 2,400 ஓம், 80 பாகையில் சுமார் 300 ஓம் காட்டும். செலவே இல்லாத இந்த ஒப்பீட்டை எல்லாப் பட்டறைகளும் முதலில் செய்தால் எத்தனையோ பேரின் பணம் மிஞ்சும்.

பின்பு இன்ஜினை முடுக்கினார். நான்காம் சிலிண்டரில்தான் பெட்ரோல் எரியாமல் தவறிக்கொண்டிருந்தது. உடனே நிறுத்தி, நான்காவதன் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் இரண்டாவதற்கு மாற்றி மீண்டும் முடுக்கினார். குறை காயிலிலோ பிளக்கிலோ இருந்தால் அது இரண்டாம் சிலிண்டருக்கு இடம்பெயர வேண்டும், பெயரவில்லை. சிறிது நேரத்தில் ஆக்சிஜன் சென்சார் விழித்ததும், கணினி பெட்ரோலை 18 விழுக்காடு கூட்டியது. இன்ஜின் முழுதும் சூடானபோது அந்தத் திருத்தம் 5 விழுக்காடாக இறங்கியது. உள்ளே வரும் காற்றை அளக்கும் அளவியின் கண்ணுக்குத் தப்பி எங்கோ காற்று நுழைகிறது, சூட்டில் அந்த வழி அடைபடுகிறது என்பதே அதன் பொருள்.

வண்டி இன்னும் ஒரு இரவு அங்கேயே நின்றது. காலையில், குளிர்ந்த இன்ஜினின் காற்றுப்பாதைக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்தினார். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் அடியில், நான்காம் சிலிண்டர் சேரும் மூலையிலிருந்து, ஊதுபத்திப் புகைபோல ஓர் இழை எழுந்தது. சிலர் இந்த ஓட்டையைத் தேட, ஓடும் இன்ஜின்மீது தீப்பற்றும் கிளீனரைத் தெளிப்பார்கள். அதைத் தயவுசெய்து வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

காலைத் திணறலுக்கு வேறு காரணங்களும் உண்டு. இரவில் சொட்டும் இன்ஜெக்டர் இருந்தால், முடுக்கும்போதே பெட்ரோல் வாடை வரும். வால்வில் படிந்த கரி, பஞ்சுபோலப் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். இவற்றில் காத்திருக்கவே கூடாதது சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டின் கசிவு: கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வந்து, இனிப்பு வாசமுள்ள வெண்புகையும் நீடித்தால், வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

என் வண்டியின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து கழற்றி எடுத்த, இடைவெளியை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் நகத்தால் அழுத்தினாலும் அமுங்கவில்லை. சூட்டில் பிளாஸ்டிக்போல இறுகியிருந்தது. சேரும் முகத்தைத் துடைத்து, புதியதைப் பொருத்தி, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, குறித்த அளவுக்கு முறுக்கினார். அன்று மாலையே வண்டியைக் கேட்டேன், அவர் தரவில்லை. மறுநாள் காலை 26 பாகையில் என் கண்முன் முடுக்கிக் காட்டிய பிறகே சாவியைக் கையில் கொடுத்தார். முள் 1,300இல் நின்று, அசையாமல் மெல்ல 750க்கு இறங்கியது. திருத்தம் 2 விழுக்காடு.