சாவிக்கொத்துக்கு அடங்காத வலிப்பு

கண்டனூரில் எங்கள் பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையலிடும் படைப்பு. இலை போடும் நேரத்தில் பெரியப்பா மகன் அண்ணனுக்கு வலிப்பு வந்துவிட்டது. யாரோ ஓடிப்போய் முகப்புக் கதவின் சாண் நீளச் சாவியை எடுத்துவந்து அவர் கையில் திணித்தார்கள். சாவியை இறுக்கிக்கொண்டே விரல்கள் துடித்தன. இரண்டு நிமிடத்தில் அடங்கியது. சாவியால் அல்ல, பெரும்பாலும் அது தானாகவே அடங்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிதான்.

நரம்பணுக்களில் ஒரு கூட்டம் ஒரே தாளத்தில் மின்துடிப்பை வெளியிட்டு, அது பரவுவதுதான் வலிப்பு. ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மாத்திரை கேட்பதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. மூன்றாவது, நான்காவது மாத்திரை என்று வருடக்கணக்கில் காத்திருக்கவே கூடாது. வலிப்பு கிளம்பும் இடத்தை வெட்டி எடுக்க முடியுமா என்று முதலில் பார்ப்பார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் இந்த அறுவை நடக்கிறது. பல இடங்களில் கிளம்பினால் வெட்ட முடியாது. அவர்களுக்கான வழிகளில் ஒன்றுதான், மூளைக்குள் ஆழத்தில் கம்பி இறக்கி மின்துடிப்பு கொடுக்கும் ஆழ்மூளைத் தூண்டல்.

நம் வீடுகளில் எந்த அறையிலிருந்து எங்கே போனாலும் நடுமுற்றமான வளவைத் தொட்டுத்தான் போக வேண்டும். மூளைக்கு அப்படியொரு வளவு தாலமஸ். அதன் முன்பகுதிக் கரு என்னும் நரம்பணுத் திரள் வழியாக வலிப்பு எளிதில் பரவும். மண்டையின் இருபுறமும் சிறு துளையிட்டு, 1.27 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியை அந்தக் கரு வரை இறக்குகிறார்கள். நுனியில் நான்கு மின்முனைகள். வயர் கழுத்துத் தோலுக்கடியில் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே பதித்த பேட்டரியோடு சேரும். வினாடிக்கு 145 துடிப்பு வீதம் ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு. ஒரே தாளத்தில் கடக்கப்பார்க்கும் அலையை இது கலைத்துவிடுகிறது என்று கருதுகிறார்கள்.

2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 110 பேருக்கு இதைப் பொருத்தினார்கள். மூன்று மாத முடிவில், கருவியை இயக்கியவர்களுக்கு வலிப்பு நடுமதிப்பில் 40 விழுக்காடு குறைந்திருந்தது. பொருத்தியும் இயக்காமல் விட்டவர்களுக்கு 14.5. ஐந்தாண்டில் குறைவு 69 விழுக்காடானது. நாள் ஆக ஆகப் பலன் கூடுவதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். அமெரிக்கா 2018இல் அனுமதி தந்தது. கிருமித்தொற்று, ரத்தக்கசிவு, மனச்சோர்வு, ஞாபகக் குறைவு ஆகிய ஆபத்துகளும் உண்டு.

“இதை வச்சுட்டா மாத்திரையை விட்டுடலாமா தம்பி?” என்றார் அண்ணன்.

“முடியாதுண்ணே. மாத்திரையும் வேணும். வர்றது குறையும், அவ்வளவுதான்.”

சட்டைப்பையிலிருந்து மடித்த காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். பதினொரு தேதிகளில் பென்சில் வட்டம். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.